பாதரசத்தில் ஒரு மயிரிழை

எழுபதுகளின் நடுவில் திருப்பதியில் பல்கலைக்கழகத்து வேதியியல் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். அதுவரைக்கும் பொறாமை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் நல்ல குணம் அதற்குக் காரணமில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் நான்தான் முதலாவது. பொறாமைப்பட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் வீடு சித்தூரில், மிஷன் காம்பவுண்டுக்குள் இருந்தது. நைனா மிஷன் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், தன் மகள் செடியிலிருந்து மருந்து எடுக்கப்போகிறாள் என்று நாலு பேரிடமாவது சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவார். கேட்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாட்டு வைத்தியத்தில் பயன்படும் ஒரு செடியை எடுத்துக்கொள்வோம். அதை நிழலில் காயவைத்துப் பொடித்து, ஒவ்வொரு கரைப்பானாக ஊற்றிச் சாறு இறக்குவோம். அந்தச் சாற்றில் நூறு பொருட்கள் கலந்து கிடக்கும். அவற்றில் ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்து, அது என்ன, மருந்தாகத் தேறுமா என்று பார்க்க வேண்டும். பேராசிரியர் எனக்குக் கொடுத்தது நொச்சி இலை. வேலியோரமெல்லாம் கிடைக்கிற செடி, மலையேற வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். எல்லோருக்கும் கிடைக்கிற செடியை எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

நான் சேர்ந்து ஒரு மாதம் கழித்து அவள் வந்தாள். சத்தியவேடு பக்கம் ஒரு கிராமத்தில் வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற தமிழ்க் குடும்பம். பள்ளிப்படிப்பு முழுக்கத் தெலுங்கில். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். உதடு அசைவது வெளியே தெரியும். முதல் நாள் நான் தண்ணீர் வராத குழாயைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "அக்கா, நீங்க தமிழா?" என்று கேட்டாள். துறையில் மற்ற எல்லோரும் தெலுங்கர்கள். ஆய்வுக்கூடத்தில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டும். ஒரு வாரத்தில் விடுதியில் ஒரே அறைக்கு மாறிக்கொண்டோம். 'நீங்க' போய் 'நீ' ஆயிற்று. அக்கா மட்டும் அப்படியே இருந்தது.

அவளுக்கு நான் நிறையச் செய்தேன். சாறு இறக்கும் கருவியைப் பூட்டக் கற்றுக்கொடுத்தேன். அவளுடைய அறிக்கைகளின் ஆங்கிலத்தைத் திருத்தினேன். ஊரிலிருந்து அவள் அம்மா கொடுத்தனுப்பும் வறுத்த கடலையை இருவரும் கட்டிலில் உட்கார்ந்து தின்போம். அவள் எனக்குக் கீழே இருக்கிறாள் என்று நான் நினைத்திருந்த காலம் முழுக்க என்னால் தாராளமாக இருக்க முடிந்தது.

பேராசிரியர் அவளுக்குக் கொடுத்தது மலைமேல் வளரும் ஒரு புதரின் வேர்ப்பட்டை. முழங்கால் வீக்கத்துக்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பதாக விறகு வெட்டுகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தச் செடியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. யாராவது தேடிப்போய்க் குடித்துவைத்தால் என்ன ஆகும் என்பது இனிமேல் சொல்லப்போவதிலிருந்து தெரியும்.

எட்டு மாதம் எனக்கு நொச்சி கொடுத்ததெல்லாம் பச்சை நிறப் பிசின்தான். நீளமான கண்ணாடிக் குழாயில் சிலிக்கா தூளை நிரப்பி, சாற்றை மேலே ஊற்றி, கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால் கலவையில் இருக்கும் பொருட்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கீழே வரும். அதற்குப் பொறுமை வேண்டும். நான் படிப்பில் வேகமானவள், குழாயையும் வேகமாகத் திறந்துவிடுவேன். அவள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு குழாயின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சொட்டு விழும் வேகம் மாறினால், பார்க்காமலே சத்தத்தில் கண்டுபிடித்துக் கையை நீட்டுவாள். மாட்டில் பால் கறந்து பழகிய கை அக்கா இது என்று ஒருமுறை சொன்னாள். நான் சிரித்தேன்.

ஒரு நாள் காலை நான் போனபோது அவளுடைய மேசையைச் சுற்றிக் கூட்டம். நாற்பத்துச் சொச்சம் சோதனைக் குழாய்களில் மூன்றில் மட்டும் மஞ்சள் ஊசிகள் விளைந்திருந்தன. மெலிசாக, நீளமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தன. பேராசிரியர் அவற்றில் ஒரு குழாயைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்துப் பக்கத்து ஆய்வுக்கூடத்துக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்த மனிதர் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கேன்டீனிலிருந்து மைசூர்பாகு வந்தது. நானும் ஒன்று எடுத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டி நன்றாயிருக்கிறது என்றேன். பிறகு தராசு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வாயில் இருந்த மைசூர்பாகைக் கைக்குட்டையில் துப்பினேன்.

இரண்டு வாரத்தில் எனக்கும் படிகம் வந்தது. வெள்ளைச் செதில்கள். அரை நாள் நான் தரையில் நடக்கவில்லை. உருகுநிலை பார்த்தபோதே சந்தேகம் வந்துவிட்டது. பேராசிரியர் நான் எழுதி வைத்திருந்த எண்ணைப் பார்த்ததும் சிட்டோஸ்டெரால் என்றார். ஏறக்குறைய எல்லாப் பச்சைச் செடியிலும் இருக்கிற பொருள். "அது அந்தரிக்கீ வஸ்துந்தம்மா" என்று இரக்கமாகச் சொன்னார். எல்லோருக்கும் வருவதுதான் என்று அர்த்தம். அவர் போன பிறகு அவள் என் குழாயை எடுத்துப் பார்த்து, "வெள்ளையா எவ்ளோ அழகா கீது அக்கா," என்றாள். அவர் சொன்னதைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது.

அதிலிருந்து அவளிடம் எனக்குப் பிடிக்காமல் போனவற்றுக்குக் கணக்கில்லை. படுத்ததும் தூங்கிவிடுவாள், அது பிடிக்கவில்லை. பேராசிரியர் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் அவள் மேசைக்குப் போனார். அங்கே எத்தனை நிமிஷம் நிற்கிறார், என் மேசையில் எத்தனை நிமிஷம் என்று பார்க்கத் தொடங்கினேன். அவளுடைய ஆங்கிலத்தைத் திருத்தும்போது சின்னச் சின்னப் பிழைகளை அப்படியே விட்டுவைத்தேன். பேராசிரியர் அவற்றைத் திருத்திக்கொண்டாரே தவிர ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தூர் போனால் நைனா என் மருந்து எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்பார். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். ஆராதனையில் கண்ணை மூடினால் அந்த மஞ்சள் ஊசிகள்தான் வரும். அவள் கை தவறி அந்தக் குழாய் கீழே விழுந்து உடையட்டும் என்று கோயிலுக்குள் உட்கார்ந்தே நினைத்திருக்கிறேன்.

அவளுடைய பொருளின் நிறமாலைப் படங்கள் பெங்களூரிலிருந்து வந்தன. அந்த அமைப்பில் ஒரு பொருளை அதற்குமுன் யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. இனி அது வீக்கத்தைக் குறைக்கிறதா என்று எலிகளில் பார்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் கற்பித்த ஒரு டாக்டர் அதற்கு ஒப்புக்கொண்டார்.

அவர் சொன்ன முறை இதுதான். பதினெட்டு எலிகள், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு வெறும் கோந்துத் தண்ணீர், ஒரு பிரிவுக்குக் கடையில் கிடைக்கும் வீக்க மாத்திரை, ஒரு பிரிவுக்கு அவளுடைய பொருள், எல்லாம் வாய்வழியாக. ஒரு மணி நேரம் கழித்துப் பின்னங்காலில் வீக்கம் உண்டாக்கும் ஊசி. மூன்று மணி நேரத்தில் கால் பொதபொதவென்று வீங்கிவிடும். எலியின் கணுக்காலில் மையால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் காலைப் பாதரசம் நிறைந்த குழாயில் முக்கினால், பக்கத்துச் சிறு குழாயில் பாதரசம் ஏறும். அதில் எண்ணைப் படிக்க வேண்டும். எந்த எலிக்கு எது கொடுக்கப்பட்டது என்று படிக்கிறவருக்குத் தெரியக்கூடாது. பொருளைப் பிரித்தவளே படிக்கவும் கூடாது. அவளுக்கு ஆசை இருக்கும், கண் ஆசைப்பட்டதைப் பார்க்கும் என்றார் டாக்டர்.

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீயே படிச்சிடு. உன் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை கீது."

சரி என்றேன்.

காலையில் ஊசிக்கு முன் எடுத்த அளவுகளை ஒழுங்காகத்தான் எடுத்தேன். டாக்டரின் உதவியாளர் மருந்து கொடுத்தபோது வெளியே வராந்தாவில் நின்றேன். ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கூண்டுக்காரர் எலிகளை வரிசை கலைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் காலை முக்கி எண்ணைச் சொல்லச் சொல்ல, அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று நோட்டில் எழுதினாள்.

இரண்டாவது எலியின் மீசையோரம் லேசாக மஞ்சள் ஒட்டியிருந்தது. கோந்துத் தண்ணீரில் நிறமில்லை. கடை மாத்திரை வெள்ளை. யாரும் யோசிக்காமல் விட்ட விஷயம் அது. அந்த எலியின் கால் அவ்வளவாக வீங்கியிருக்கவில்லை என்பதும் கையில் பிடித்தபோதே தெரிந்தது. பாதரசம் ஏறிய அளவைப் பார்த்தேன். குறைவாகத்தான் இருந்தது. அதை அப்படியே சொன்னேன்.

நாலாவது எலிக்கும் மீசையோரம் மஞ்சள். அதன் காலைக் கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை அதிகமாக அழுத்தினேன். பாதரசம் ஏறியது. நான் பொய்யான எண் எதையும் சொல்லவில்லை. குழாயில் தெரிந்ததைத்தான் படித்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஞ்சள் ஒட்டிய எலிகள் இன்னும் நாலு வந்தன. நாலையும் அப்படியே செய்தேன். என் கை நடுங்கவில்லை என்பது இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். அவள் நடுவில் ஒருமுறை நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தாள். பிறகு நான் சொன்ன எண்ணை எழுதினாள்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் அவளுடைய பொருளுக்கும் கோந்துத் தண்ணீருக்கும் சொல்லும்படியான வித்தியாசமில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பேராசிரியர், பொருளின் அமைப்பை மட்டும் எழுதி முடித்துவிடலாம், மருந்து என்ற பேச்சு வேண்டாம் என்றார். அன்று விடுதிக்குத் திரும்பும்போது மலையிறங்கி அலிப்பிரி பக்கமிருந்து வருகிற மொட்டைத்தலைக் கூட்டத்துக்கு நடுவில் அவள் எனக்கு முன்னால் நடந்துபோனாள். ரொம்ப நாள் கழித்து அவளுடைய முதுகைப் பார்க்க எனக்கு எரிச்சல் வரவில்லை.

அந்த நிம்மதி நாலைந்து நாள்தான். அடுத்த வாரம் அவள் இரண்டு கோணிப்பையில் வேர்ப்பட்டையோடு வந்து இறங்கினாள். கையிருப்பில் இருந்த பொருள் தீர்ந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து எடுக்கப் போகிறேன் என்றாள். எதற்கு, அதுதான் வேலை செய்யவில்லையே என்று கேட்டேன். ஒரு தடவை பார்த்தது போதாது என்று மட்டும் சொன்னாள். அந்தப் பட்டைத் தூள் பட்டால் தோல் உரியும். உரலில் இடித்து இடித்து அவள் விரல்நுனிகள் வெளுத்து உரிந்துபோயிருந்தன. மெஸ்ஸில் சாம்பார் சாதத்தைப் பிசையும்போது முகத்தைச் சுளித்தாள். மறுநாளிலிருந்து ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் நான் சாப்பிட்டேன்.

அவள் கோணிப்பைகளோடு வந்த பன்னிரண்டாவது நாள் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். உண்மை முழுவதையும் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அன்று என் கை நிதானமாக இல்லை, கோட்டைச் சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகமாயிருக்கிறது, வேறு யாராவது படித்தால் நல்லது என்றேன். கூடவே மீசையில் ஒட்டும் மஞ்சளைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அடுத்த முறை எல்லா எலிக்கும் முகத்தைத் துடைத்துவிடச் சொல்லித் தன் உதவியாளரிடம் சொன்னார்.

பொருள் மறுபடி தயாராக இரண்டரை மாதமானது. இந்த முறை மருத்துவ மாணவர் ஒருவர் படித்தார். வீக்கம் கடை மாத்திரை குறைத்த அளவுக்கே குறைந்திருந்தது. பேராசிரியர் மருத்துவக் கல்லூரிக்கே நேரில் போய்விட்டார். மறுபடியும் கூட்டம், மறுபடியும் இனிப்பு. நானே போய்ச் சொல்லி நானே வரவழைத்துக்கொண்டது இது. அப்படியிருந்தும் வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு என் கை, என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா," என்றாள். "நாலாவது எலி அப்பவே பாத்துட்டேன். கோட்டுக்கு மேல முக்கிக்கினு இருந்தே."

"அப்புறம் ஏன் சும்மா எழுதிக்கினு இருந்தே?"

"நீ சொன்ன நெம்பரு அது. மாத்தி எழுத நான் யாரு?" மடித்த பாவாடையைப் பெட்டிக்குள் வைத்தாள். "நீயே வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். டாக்டர் கிட்ட போய் சொன்னியே, அதுவும் தெரியும். ஆனா எங்கிட்ட சொல்ல உனக்கு இத்தினி நாளாச்சு."

அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மெஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் நான் கரைப்பானை ஆவியாக்கும் கருவியில் வேலையாக இருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, "ஏமண்டி, மீ பனி அயிந்தா?" என்று கேட்டாள். உங்கள் வேலை முடிந்ததா என்று. விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துத் தமிழில் பதில் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு, அப்படியானால் பிறகு வருகிறேன் என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை. தண்ணீர் வந்தால் சொல்வாள், கடிதம் வந்தால் எடுத்துவந்து கொடுப்பாள். எல்லாம் 'நீங்க' என்கிற 'மீரு', எல்லாம் மரியாதைக்குச் சேர்க்கிற 'அண்டி'. அடுத்த பருவத்தில் வேறு அறைக்கு மாறிக்கொண்டாள். நான் தமிழ் பேச வேண்டுமென்றால் சித்தூர் பஸ் ஏறவேண்டியிருந்தது.

அதற்குள் டாக்டர் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தார். முழங்கால் வலிக்காரர்கள் ஒரே ஒரு நாள் மருந்து சாப்பிட மாட்டார்களே என்று, எலிகளுக்குத் தொடர்ந்து பதினான்கு நாள் கொடுத்துப் பார்த்தார். பதினைந்தாம் நாள் வயிற்றைத் திறந்தபோது உள்சுவரில் புண். சில எலிகளில் கருப்பாக ரத்தம் கட்டியிருந்தது. அளவைக் குறைத்தால் புண் குறைந்தது, கூடவே குணமும் குறைந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை. கடை மாத்திரைக்கு இருக்கிற அதே குறைதான், இன்னும் மோசமாக. அதோடு அது மருந்தாகும் கதை முடிந்தது.

துறையில் யாரோ வந்து இதைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை மறைத்து எழுதிப் பயனில்லை. வருத்தமும் வந்தது, ஆனால் பின்னால் வந்தது. அவள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, எப்போதும்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புண்களின் அளவை ஒவ்வொரு எலிக்கும் வரிசையாகப் பட்டியல் போட்டாள். மருந்தாகவில்லையே என்று பேராசிரியர்தான் சோர்ந்து போனார். அவள் அதை மருந்தாக்கக்கூடாது என்பதற்கான காரணங்களை ஒரு முழு அத்தியாயமாக எழுதினாள். ஆங்கிலத்தை இந்த முறை யாரிடமும் திருத்தக் கொடுக்கவில்லை.

பட்டம் வாங்கி அவள் ஐதராபாத்தில் ஓர் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போனாள். போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என்னிடமும் வந்து, "ஒஸ்தானண்டி" என்றாள், போய்வருகிறேன் என்று. எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் பிடித்தது. நொச்சியிலிருந்து நான் எடுத்த மூன்று பொருட்களும் ஏற்கெனவே யாரோ எடுத்தவை. சித்தூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. நைனாவிடம், மருந்து வரவில்லை என்று ஒருவழியாகச் சொன்னேன். போகட்டும், வாத்தியார் வேலை நம் வீட்டு வேலைதானே என்றார்.

ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தபோது மாதிரிக்காக நூலகத்தில் அவளுடையதை எடுத்துப் பார்த்தேன். நன்றிப் பக்கத்தில் பேராசிரியர், டாக்டர், கூண்டுக்காரர், மலைக்குக் கூட்டிப்போன விறகுக்காரர் என்று எல்லோரும் இருந்தார்கள். கடைசியில் நானும் இருந்தேன். முதல் அளவீடுகளைத் திரும்ப எடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டதற்காக எனக்கு நன்றி என்று எழுதியிருந்தாள். அதில் ஒரு சொல் கூடுதலில்லை, குறைவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை, பொய் சொல்லவுமில்லை. அந்த வரியை என்னால் எழுதியிருக்க முடியாது. அலமாரிகளுக்கு நடுவில் நின்று அதைப் படித்தபோது மஞ்சள் ஊசிகளைப் பார்த்த அன்று எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது.

என் நன்றிப் பக்கத்தில் அவளுக்கு ஒரு வரி எழுத நாலு நாளாயிற்று. தோழி என்று எழுதி அடித்தேன். தங்கை என்று எழுதி அதையும் அடித்தேன். தட்டச்சுக்காரர் அவசரப்படுத்தினார். உடன் பணியாற்றியவர் என்று போட்டு, ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வேலை செய்ததற்கு நன்றி என்று முடித்துக் கொடுத்துவிட்டேன்.